இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில்

முதல் நாள் என் ஸ்டூடியோவுக்கு வந்த ஹஜ்ரத் கேமராவைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பின்னால யாருங்க இருக்காங்க?" என்று கேட்டார். "நான்தாங்க இருக்கேன்" என்றேன். "நீங்க இருக்கீங்க, அது தெரியுதுங்க. உங்களுக்குப் பின்னால?" என்றார். எனக்குப் பின்னால் சுவர் இருந்தது. போன காதுகுத்துக்கு ஒட்டிய ஜிகினாத் தாள் அதில் பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது சுவரைப் பற்றி அல்ல என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பக்கம் எங்கள் ஊர். கடைவீதியில் ஒரு மாடியில் என் ஸ்டூடியோ. பள்ளிவாசல் இமாமை ஊரில் எந்தச் சாதி, எந்த மதத்துக்காரரும் ஹஜ்ரத் என்றுதான் சொல்வோம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால் அவர் தமிழில் பேசுகிற பேச்சுக்குப் பயான் என்று பெயர். கொரோனாவில் பள்ளிவாசலை மூடியபோது, பயானை வீடியோ எடுத்து யூடியூபில் போடலாம் என்று ஜமாத்துக்காரர்கள் தீர்மானித்தார்கள். கல்யாணம் காட்சி எல்லாம் நின்றுபோய், கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படித்தான் மாரியம்மன் பண்டிகைக்கு முதல் ஆளாகக் கேமராவைத் தூக்குகிற நான் ஹஜ்ரத்தின் கேமராமேன் ஆனேன்.

ஹஜ்ரத் நெடுநெடுவென்று உயரம். குரல் அதைவிடப் பெரியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அந்தக் குரலைக் கேட்டபடி எதிர்க் கடையில் எத்தனையோ வெள்ளிக்கிழமை டீ குடித்திருக்கிறேன். அந்த மனிதர் லென்ஸைப் பார்த்ததும் குரல் நூலாகிவிட்டது. கைக்குட்டையால் தாடிக்குக் கீழே துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழெட்டு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. கடைசியில் அவரே எழுந்து, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கேமராவை ஒட்டிப் போட்டு, என்னை அதில் உட்காரச் சொன்னார்.

"மொகம் வேணுங்க தம்பி. மொகம் இல்லாம எனக்குப் பேச வராது."

"எனக்கு அரபி வார்த்தையெல்லாம் புரியாதுங்களே ஹஜ்ரத்."

"புரிஞ்சா தலையாட்டுங்க. புரியலைன்னா புருவத்தச் சுருக்குங்க. நான் இன்னொருக்கா சொல்றேன்."

நான் தலையாட்ட ஆட்ட, பழைய குரல் வந்துவிட்டது. பல வாரங்கள் அந்த ஜமாத்துக்கு மொத்தக் கூட்டமும் நான் ஒருவன்தான். புருவத்தைச் சுருக்கிச் சுருக்கியே இஸ்லாத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

அவருடைய பேச்சில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் சொல்ல வந்தாலும், அதை மறுக்கிறவன் என்ன சொல்வானோ அதை முதலில் அவன் குரலிலேயே சொல்லிவிடுவார். அதுவும் ஏனோதானோ என்று இல்லை. உடம்பை இடப்பக்கம் சாய்த்து, குரலை இறுக்கி, அவனுக்காக வழக்காடுகிற மாதிரி அடித்துப் பேசுவார். சில நாள் எனக்கே அந்த எதிராளி சொல்வதுதான் சரி என்று தோன்றும். பிறகு நிமிர்ந்து, வலப்பக்கம் திரும்பி, "சரி, இப்ப கேளுங்க" என்பார். அதற்கப்புறம் வருவது பதில். பள்ளிவாசலில் முன்வரிசைப் பெரியவர்களுக்கு இது அத்துப்படி. அவர் இடப்பக்கம் சாய்ந்ததுமே சிரிப்பார்கள்.

"இவ்வளவு வேகமா எதிராளிக்குப் பேசணுங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவனுக்கு வாய் கொடுக்காம நான் மட்டும் பதில் சொன்னா அது ஏமாத்து வேலைங்க தம்பி" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு வீடியோ வெளியே போனதும் பயம் பிடித்துவிடும். நான் சாப்பாட்டில் கை வைத்திருப்பேன், போன் வரும். "தம்பி, பதினாலாவது நிமிஷத்துல ‘எல்லாரும்’னு சொல்லிட்டேன். ‘பெரும்பாலானவங்க’ன்னு சொல்லியிருக்கணும். எடுத்துட முடியுங்களா?" எடுப்பேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போன். எடுத்த இடத்தில் பேச்சு குதிக்கிறதாம், வெட்டி மறைத்துவிட்டான் என்று யாராவது சொல்வார்களோ என்பார். என் மனைவி, "உங்க ரெண்டாவது சம்சாரம் கூப்புடுது, போய்ப் பேசிட்டு வாங்க" என்பாள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "பள்ளிவாசல்ல பேசறப்ப தப்பே வராதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"வருமுங்க. அங்க தப்பாச் சொன்னா அடுத்த மூச்சுல திருத்திருவேன். தப்பக் கேட்டவனேதான் திருத்தத்தையும் கேப்பான். இங்க தப்ப ஒருத்தன் கேக்கறான், திருத்தத்த வேற ஒருத்தன் கேக்கறான்."

வீடியோவுக்குக் கீழே வருகிற கருத்துகளை ஒன்றுவிடாமல் படிப்பார். ஊர்ப் பிள்ளைகள் குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் நல்லபடியாகத்தான் எழுதுவார்கள். அதில் யாரோ ஒருவன் ‘இவருக்கு இல்ம் போதாது’ என்று எழுதியிருப்பான். இல்ம் என்றால் கல்வி. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சோறு இறங்காது. அவர் வீட்டம்மா ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாயங்காலமானால் போனைப் பிடுங்கி அரிசி டிரம்மில் போட்டு மூடிவிடுவார்கள். "டிரம்முக்குப் பக்கத்துலயே பாயை விரிச்சு ஒக்காந்திருக்காருங்க தம்பி, நான் என்னன்னு சொல்றது" என்று அந்தம்மா என்னிடம் வருத்தப்பட்டார்கள்.

ஒரு மதியம் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஜிப்பா தெப்பமாக நனைந்துவிட்டது. பைக்கில் பின்னால் உட்காரவைத்து, ஒரு கையால் அவர் கையை என் இடுப்போடு பிடித்துக்கொண்டு தருமபுரிக்கு ஓட்டினேன். ஈசிஜி எடுத்த டாக்டர், இதயம் நன்றாக இருக்கிறது, இது பதட்டம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நாலாக மடித்துப் பையில் வைத்தவர் வெளியே வந்து மரத்தடியில் நின்றுவிட்டார்.

"அல்லாவ நம்புனவனுக்கு என்னய்யா பயம்னு வாரா வாரம் கேக்கற வாய்ங்க இது. நான் எந்த மொகத்தோட அந்த டாக்டர்கிட்டப் போறது?"

"பல்லு வலிச்சாப் போவீங்கல்ல?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஹஜ்ரத் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து, "சரி வாங்க" என்றார்.

மாத்திரை கொடுத்தார்கள். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார்கள். எதைப் பற்றிப் பயமோ அதைத் தாளில் எழுதி, நாலு நாள் கழித்து அது நடந்ததா என்று பார்த்துக் குறிக்கச் சொன்னார்கள். அதைப் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி செய்தார். என்னிடம் காட்டுவார். ‘வெள்ளி மதியம். வரலாற்றுச் சம்பவத்தில் பெயர் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று பயம். நடந்ததா? இல்லை.’ பக்கம் பக்கமாக இல்லை, இல்லை என்று எழுதியிருக்கும். "பாருங்க தம்பி, எவ்வளவு வெட்டியாப் பயந்திருக்கேன்" என்று சிரிப்பார். ஆனால் மாத்திரையை உள்ளூரில் வாங்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார். ஆல்பம் பிரிண்ட் போடத் தருமபுரி போகும்போது நான்தான் வாங்கி, கேமராப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன். வீட்டம்மாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

பள்ளிவாசல் திறந்த பிறகும் வீடியோ நிற்கவில்லை. நான் கடைசித் தூணோரம் கேமராவை வைத்து எடுப்பேன். இப்போது எதிரே நிஜமான முகங்கள் இருந்ததால் அவர் தெளிந்திருந்தார். முழுப் பயானைப் பார்க்க நேரமில்லை, ஒரு நிமிடத் துண்டாகப் போடுங்கள் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் வெட்டுவேன். ஹஜ்ரத் உட்கார்ந்து பார்த்து, சரி என்ற பிறகுதான் போடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மனநோயைப் பற்றிப் பேசினார். சொல்லிவைத்தெல்லாம் பேசவில்லை, எனக்கே திக்கென்றிருந்தது. இடப்பக்கம் சாய்ந்தார்.

"மனசுக்கு எதுக்குய்யா டாக்டரு? அஞ்சு வேளை தொழறவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்? மாத்திரையத் தின்னு மனச ஆத்திக்கறவன் ஈமானத் தொலைச்சவன். தூக்கிப் போடு அந்த மாத்திரைய!"

ஈமான் என்றால் இறைநம்பிக்கை. பெரியவர்கள்கூடச் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து வலப்பக்கம் திரும்பினார்.

"சரி, இப்ப கேளுங்க. சர்க்கரைக்கு மாத்திரை போடறீங்களே, அப்ப உங்க ஈமான் எங்க போச்சு? கால் முறிஞ்சவன் ஊரறியக் கட்டுப் போட்டுக்கறான். மனசு முறிஞ்சவன் மட்டும் எதுக்கு மறைஞ்சு அழுவணும்?"

தூணுக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அன்று மாலை எனக்கு ஒரு வளைகாப்பு இருந்தது. ஹஜ்ரத் ஒரு மய்யித்து அடக்கத்துக்காக வேறு ஊருக்குப் போயிருந்தார். அவசரத்தில் அந்தப் பேச்சை இரண்டாக வெட்டினேன். இடப்பக்கத்தது பகுதி ஒன்று, வலப்பக்கத்தது பகுதி இரண்டு. முதல் துண்டில் வேகம் இருந்தது, அதைப் பார்த்தால் இரண்டாவதை மறுநாள் தேடி வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன். போனுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் படத்தை நெட்டுக்குத்தாக வெட்டி, முகத்தை மட்டும் பெரிதாக வைத்தேன். அவர் சாய்ந்தது அதில் தெரியவில்லை. அவருக்குக் காட்டாமல் முதல் துண்டைப் போட்டுவிட்டு வளைகாப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஹஜ்ரத் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. போனை என் முன்னால் நீட்டினார். யாரெல்லாமோ அதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் உடனே அதை நீக்கினேன், இரண்டாவது துண்டையும் போட்டேன். அதை யாரும் சீண்டவில்லை.

"திட்டறாங்களா ஹஜ்ரத்?"

"திட்டுனா பரவாயில்லீங்களே. எல்லாரும் பாராட்டறாங்க. ‘சரியாச் சொன்னீங்க’ங்கறாங்க. அதுதாங்க பயமா இருக்குது."

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து ஏதோ எழுதினார். இந்தத் தடவை அவர் பயந்தது நடந்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பெண் அவருக்குப் போன் செய்தாள். பக்கத்து ஊர். கணவர் மினி லாரி ஓட்டுகிறவர், இரண்டு வருடமாக மனசுக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர். ஹஜ்ரத் எனக்கும் கேட்கும்படி போனை வைத்தார்.

"நீங்க சொன்னீங்கன்னு மாத்திரையெல்லாம் சாக்கடையில கொட்டிட்டாருங்க ஹஜ்ரத். கண்ணு மூடல, சோறு திங்கல. லோடு ஏத்தியிருக்குது, போயே தீருவேன்னு சாவியக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. வண்டிய எங்கயாவது உட்டுருவாருங்க."

நாங்கள் போனபோது அவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. ஹஜ்ரத்தைப் பார்த்ததும் இறங்கி நின்று சலாம் சொன்னார். "மாத்திரைய உட்டுட்டேனுங்க ஹஜ்ரத், உங்க பேச்சக் கேட்டு" என்று பெருமையாகச் சொன்னபோது நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹஜ்ரத் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது யாருதுங்க?"

"என்னுதுங்க பாய். நான் போடறது. பதட்டத்துக்கு."

டிரைவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வீடியோல?"

"வீடியோல வந்தது கேள்விங்க. பதிலு வரல."

"பின்ன எதுக்குங்க இத்தன நாளா மறைச்சீங்க?"

"பயந்துக்கிட்டு."

டிரைவரின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ஹஜ்ரத் தண்ணீர் கேட்டார். காலை மாத்திரையை இன்னும் போடவில்லை, உங்களோடு சேர்ந்து போடலாம் என்றுதான் வந்தேன் என்றார். அந்தப் பெண் சொன்ன மருந்தின் பெயரை ஹஜ்ரத்தின் டாக்டரிடம் கேட்டு, போகும் வழியில் தருமபுரியில் நான் வாங்கியிருந்த மாத்திரையை டிரைவருக்கு எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் லாரியின் நிழலில் நின்று விழுங்கினார்கள். சாவி அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது. 

விஷயம் வெளியே வராமல் இருக்குமா? ஹஜ்ரத் மனநோய்க்கு மாத்திரை தின்கிறார், ஆனால் ஊருக்கு வேறு சொல்கிறார் என்று பேச்சு கிளம்பியது. ஜமாத் கூட்டம் போட்டார்கள். அதற்கு முன்னால், "வெட்டினது நான்தான்னு நானே சொல்லிடறேனுங்க" என்றேன்.

"வேணாங்க தம்பி. உங்க பேரு வந்தா அப்புறம் மாத்திரையப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான். வேணும்னே வெட்டிட்டான்னு எங்காளுக ரெண்டு பேரு சொல்லுவான். பாத்தியா பழி போடறானுகன்னு உங்காளுக நாலு பேரு கெளம்புவான். உங்க மாடிக்குக் கீழ கூட்டம் நிக்கும். வாயத் தொறக்காதீங்க."

கூட்டம் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது. நான் செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருந்தேன். செயலாளர் கேட்டார். "ஹஜ்ரத், அத வெட்டினது யாரு? உங்களக் கேக்காமயே போட்டாங்களா?"

"நான் பாத்துட்டுத்தாங்க போடச் சொன்னேன்" என்றார் ஹஜ்ரத்.

‘எல்லாரும்’ என்ற ஒரு வார்த்தைக்காக என்னைச் சோற்றிலிருந்து எழுப்பிய மனிதர் அத்தனை பேர் முன்னால், பள்ளிவாசலுக்குள், எனக்காகப் பொய் சொன்னார். நான் மூச்சை இழுத்தேன், பேசிவிடலாம் என்றுதான். பேசவில்லை. அந்த நேரத்தில் எனக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒரு வருத்தம் தெரிவித்து வீடியோ போட்டுவிடச் சொன்னார்கள். அதையும் என் ஸ்டூடியோவில்தான் எடுத்தோம். வழக்கம்போல நான் கேமராவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. லென்ஸையே பார்த்து, தன் கவனக்குறைவால் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், மருந்து சாப்பிடுகிறவர்கள் யாரும் நிறுத்த வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். திருத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவரிடமிருந்து போனும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வேறு ஒருவர் வந்தார். ஹஜ்ரத் சில மாதங்களில் ஊரைவிட்டுப் போனார். பஸ் ஏற்றிவிடப் போனபோது கேட்டேன். "எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே ஹஜ்ரத்."

"அதுக்குத் தனியா அல்லாகிட்ட அழுதுக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்காகத்தான் சொன்னனான்னு எனக்கே தெரியலீங்க தம்பி. கலவரமாயிரும்னு பயம் வந்துச்சு. அது புத்தியோட வந்த பயமா, வழக்கமா வர்ற நோய்ப் பயமான்னு இன்னும் பிரிச்சுப் பாக்க முடியல" என்றார்.

நீங்கள் செய்தது சரிதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், இல்லை தப்பு என்றாவது சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது, பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு சின்ன மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறார். வீடியோ பக்கமே போவதில்லை. மாத்திரையை விடவில்லை என்று வீட்டம்மா சொன்னார்கள். லாரி டிரைவர் பெருநாளைக்கு எனக்குப் பிரியாணி அனுப்புகிறார், அந்தத் துண்டை வெட்டியவன் நான்தான் என்று தெரியாமலே.

அந்த முதல் துண்டு மட்டும் சாகவில்லை. போன மாதம் எங்கள் போட்டோகிராபர் குழுவிலேயே வந்தது. யாரோ பின்னால் இசை சேர்த்திருக்கிறார்கள். கீழே ஒருவர் ‘மாத்திரையை இன்றோடு நிறுத்தினேன்’ என்று எழுதியிருந்தார். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. ‘இதை வெட்டியது நான், பதில் இதில் இல்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். ‘வெட்டியது நான்’ என்பதை எடுத்துவிட்டு மற்றதை அனுப்பினேன். முகம் தெரியாத எவனோ சொன்னதை அவர் நம்பியிருப்பாரா என்று தெரியவில்லை. பதில் வரவில்லை.

ஹஜ்ரத்தின் பெயரை இதில் நான் எங்கேயும் எழுதவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் பெயரைப் போட்டால் எந்தப் பள்ளிவாசல் என்று தெரிந்துவிடும். அங்கே கேமரா பிடித்தவன் யார் என்று எதிர்க் கடையில் டீ குடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.